ஒண்டாச்சி என்று சொல்லிப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் டொராண்டோ சென்று ஆறு மாதம் தங்கியிருந்தோம். குளிர்காலத்தில் வெளியே நடமாட முடியாத எனக்கு, ஸ்கார்பரோவில் மகள் வீட்டுக்கு அருகிலிருந்த பொது நூலகம்தான் புகலிடமாக இருந்தது. ஒரு நாள் தமிழ் நூல்கள் இருந்த அலமாரி முன் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண்மணி நூலகப் பணியாளரிடம் ஏதோ ஒரு நாவலைக் கேட்டார். அவருடைய ஆங்கிலத்தின் நடுவே "ஒண்டாச்சி" என்றொரு சொல் என் காதில் விழுந்தது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். கேட்டவரும் பதில் சொன்னவரும் தமிழர்கள் அல்லர். பணியாளர் எடுத்துக் கொடுத்த நூல் இலங்கையில் பிறந்த கனடிய எழுத்தாளர் ஒருவருடையது. அதன் அட்டையில் மைக்கேல் என்னும் பெயரை அடுத்து, ஓ, என், டி, ஏ, ஏ, டி, ஜே, ஈ என்று எட்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால் "ஒண்டாட்ஜே" என்றோ "ஆண்டாட்ஜி" என்றோதான் படித்திருப்பேன். முதலில் காதால் கேட்டதால்தான் அது தமிழ் ஒலி என்பது எனக்குப் பிடிபட்டது.

அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. பணியிலிருந்த காலம் முழுவதும் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். சிட்டாவிலும் அடங்கலிலும் ஒரு பெயர் எப்படி எழுதப்படுகிறதோ, அப்படியே அது அந்தக் குடும்பத்தின் மேல் படிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனதற்காகப் பேரன் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து, உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அரசிதழில் விளம்பரம் கொடுத்து அந்த எழுத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்ததையும் கண்டிருக்கிறேன். ஆகவே, தமிழ் ஒலியைக் கொண்ட ஒரு பெயர் டச்சு எழுத்துக்கூட்டலில் உறைந்து உலகம் சுற்றுகிறது என்று தெரிந்தபோது, அதை எழுதிய எழுத்தன் யார், எந்தப் பதிவேட்டில் எழுதினான் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒண்டாச்சி குடும்ப மரபு சொல்லும் கதை இது. 1659-ஆம் ஆண்டு தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழ் மருத்துவர் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவிக்கு வந்த நோயைத் தீர்ப்பதற்காக வந்தவர், குணப்படுத்திவிட்டுக் கொழும்பிலேயே தங்கினார். கிறித்தவப் பெயராக மைக்கேல் யூர்கன் என்பதை ஏற்றுக்கொண்ட அவரிடமிருந்துதான் இந்தக் குடும்பப் பெயர் தொடங்குகிறது. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, 1982-இல் வெளியான தம் குடும்ப நினைவு நூலில், இதே கதையைச் சற்று மாற்றி, மூதாதை 1600-இல் வந்ததாகவும் ஆளுநரின் மகளை ஏதோ ஒரு மூலிகையால் குணப்படுத்தியதாகவும் சொல்கிறார். அவர் எழுதியது வரலாற்று நூல் அல்ல. குடும்பத்தில் சொல்லிக்கொண்டு வந்த கதைகளைக் கதைகளாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கணக்குப் பார்ப்பவனுக்கு 1659-தான் பொருந்துகிறது. ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது 1656-இல். 1658-இல் யாழ்ப்பாணத்தையும் எங்கள் கரையில் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். 1600-இல் குணப்படுத்துவதற்குக் கொழும்பில் டச்சு ஆளுநரும் இல்லை, அவருக்கு மகளும் இல்லை. மாறாக 1659-இல் தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் டச்சுக் கொடி ஏறி ஓராண்டு ஆகியிருந்தது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. தஞ்சாவூரின் கைராசிக்கார வைத்தியர் ஒருவரைப் பற்றிய செய்தி கொழும்புக் கோட்டையை எட்டியிருப்பதில் வியப்பில்லை.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். எனவே தஞ்சாவூரிலேயே இருந்திருந்தால் இந்த வைத்தியரின் பெயர் அவருடைய பேரனோடு நின்றிருக்கும். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் நம் வழக்கம் பெயரைக் கொண்டுபோவதில்லை. கடல் கடந்ததுதான் இந்தப் பெயரைக் காப்பாற்றியது. ஒல்லாந்தர் நிலத்துக்கு ஒரு தோம்பும், பள்ளியோடும் தேவாலயத்தோடும் சேர்ந்த குடிகளுக்கு ஒரு தோம்பும் வைத்திருந்தார்கள். தோம்பு என்பது இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் சொல். நம் ஊர் அ-பதிவேட்டையும் பிறப்பு, திருமணப் பதிவேடுகளையும் ஒன்றாகக் கட்டியதுபோல என்று சொன்னால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளங்கும். அவற்றில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிவாகும். ஞானஸ்நானப் பெயருக்குப் பின்னால் நிற்க ஒரு பெயர் வேண்டும். தந்தைக்கு எழுதிய அதே பெயரை மகனுக்கும் எழுத வேண்டும். அப்படித்தான் ஒருவரின் பெயர் ஒரு குடும்பத்தின் பெயராயிற்று.

அதை எழுதிய கை டச்சுக் கை. தமிழ்ச் சகரத்தை, குறிப்பாக "ச்ச" என்று அழுந்தி வரும் ஒலியை எழுத டச்சு மொழியில் தனி எழுத்து கிடையாது. அதற்கு அவர்கள் டி, ஜே என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சே பகுதியை அவர்கள் எழுதியதும் ஏ, டி, ஜே, ஈ, எச் என்றுதான். நெட்டுயிராகிய ஆகாரத்துக்கு ஏ என்னும் எழுத்தை இரண்டு முறை எழுதுவது அவர்கள் வழக்கம். ஆக, ஒண்டாச்சியின் நடுவிலிருந்த "ஆ" இரண்டு ஏக்களாகவும், "ச்ச்" டி-ஜேயாகவும், கடைசி இகரம் அவர்கள் வாயில் தளர்ந்து ஈ என்னும் எழுத்தாகவும் நின்றன. இதில் இன்னொரு பொருத்தமும் நேர்ந்துவிட்டது. டச்சு மொழியில் ஒன்றைச் சிறியதாகவோ செல்லமாகவோ சொல்ல, சொல்லின் முடிவில் சேர்ப்பதும் இதே டி, ஜே, ஈதான். நாம் "குட்டி" என்றும் "சின்ன" என்றும் முன்னால் சேர்ப்பதை அவர்கள் பின்னால் சேர்க்கிறார்கள். அதனால் டச்சுக் கண்ணுக்கு இந்தப் பெயர் முழுக்க முழுக்கத் தன் மொழிச் சொல்லாகவே தெரியும். ஆளும் மொழியை நையாண்டி செய்யும் பெயர் இது என்று எழுத்தாளரே தம் நூலில் சொல்வது இதை எண்ணித்தான் என்று நினைக்கிறேன்.

ஓரிடத்தில் மட்டும் நான் தயங்குகிறேன். இந்தப் பெயரின் மூன்றாம் எழுத்தாகிய டி, தமிழின் ண்ட, ந்த இரண்டில் எதற்கும் நின்றிருக்கலாம். ஆகவே "ஒந்தாச்சி" என்று எழுதுபவர்களை நான் மறுக்க மாட்டேன். இன்று அந்தக் குடும்பத்தாரும் ஆங்கிலம் பேசுவோரும் ஒலிப்பதற்கு அருகில் வருவது "ஒண்டாச்சி" என்பதால் அப்படி எழுதுகிறேன். ஆனால் கடைசியிலுள்ள "ச்சி"யில் எனக்கு ஐயமே இல்லை. தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய படையாட்சிகளின் பெயர் அங்கே "படையாச்சி" என்ற ஒலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இன்று பெருவழக்கான குடும்பப் பெயராக இருக்கிறது. கவுண்டர் அங்கே "கோவெண்டர்" ஆனார். முதலியார் "மூட்லி" ஆனார். இலங்கையில் பிள்ளை "புள்ளே" ஆகி, போர்த்துக்கேயப் பெயரோடு ஒட்டிக்கொண்டு பெர்னாண்டோபுள்ளே, ரொட்ரிகோபுள்ளே என்று நிற்கிறது. ஒவ்வொன்றிலும் தமிழ் வாயும் அந்நியப் பேனாவும் சந்தித்த இடம் அப்படியே தெரிகிறது.

பெர்னாண்டோ, பெரேரா, சில்வா ஆகிய பெயர்களை இலங்கையில் லட்சக்கணக்கானோர் தாங்குகிறார்கள். அவர்கள் எல்லோரும் போர்த்துக்கேய வழியினர் அல்லர். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ பெற்றுக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் மிகப் பலர். கொடுக்கப்பட்ட பெயர் என்பதால் அது பரவியது. ஒண்டாச்சியோ யாருக்கும் கொடுக்கப்பட்ட பெயர் அல்ல. பிறப்பாலும் திருமணத்தாலும் மட்டுமே அது கைமாறியது. ஒரே ஊற்றிலிருந்து வந்த ஓடை அகன்ற ஆறாக முடியாதல்லவா? இத்தனை புகழ் பெற்ற பெயர் இத்தனை அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ஓடையும் கொழும்பிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை, கொழும்புச் செட்டிகள் என்று அழைக்கப்படும் சமூகத்தோடு மணவுறவு கொண்டு அதன் பகுதியாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்து கொழும்பில் நிலைத்துக் கிறித்தவத்தைத் தழுவிய அச்சமூகத்தார், இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தனிப் பிரிவாக இடம்பெறுகிறார்கள். காசிச்செட்டி, கந்தப்பா, ஆனந்தப்பா, முத்துக்கிருஷ்ணா என்று அவர்களுடைய குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் தமிழ் முகத்தோடு இருக்கின்றன. 1807-இல் கற்பிட்டியில் பிறந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1859-இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இவர்களுள் ஒருவர். மற்றொரு கிளை, ஐரோப்பியக் கலப்புடைய பறங்கியரோடு கலந்து பறங்கியராகவே எண்ணப்பட்டது. ஒரே மூதாதையின் வழியினர் ஒரு கணக்கில் செட்டியாகவும் மற்றொரு கணக்கில் பறங்கியராகவும் எழுதப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் குடும்ப வரலாற்றில் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியவர் பேத்தர் பிலிப் யூரியான் குவிண்ட் ஒண்டாச்சி. 1758-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை வில்லெம் யூரியான், கொழும்பில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் குரு. கொழும்பில் 1759-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த பிலிப்பு தெ மெல்லோவும் அதே திருச்சபையில், அதே காலத்தில் குருவாக இருந்தவர் என்பதை நினைத்தால், அந்தக் கொழும்பு எத்தகைய கொழும்பு என்பது விளங்கும். டச்சு அதிகாரத்தின் நிழலில், தமிழ் வேர் கொண்ட குருமார் தமிழிலும் டச்சிலும் கற்றுத் தேர்ந்து நின்ற காலம் அது.

சிறுவயதிலேயே கல்விக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்ட குவிண்ட், உட்ரெக்ட் நகரில் மாணவராக இருந்தபோது அரசியலில் இறங்கினார். அந்நாட்டை அப்போது ஆண்ட ஐந்தாம் வில்லியமின் அதிகாரத்தைக் குறைத்து, நகர ஆட்சியைக் குடிமக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று போராடியவர்கள் தேசபக்தர்கள் எனப்பட்டார்கள். உட்ரெக்டில் அவர்களுடைய முன்னணித் தலைவர், கொழும்பில் பிறந்த இந்த இளைஞர். ஆயுதம் தாங்கிய குடிமக்கள் படையைத் திரட்டி, 1786-இல் அந்த நகரின் மன்றத்தையே மாற்றியமைத்தார்கள். பாரிசில் பாஸ்தில் சிறை வீழ்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது. மறு ஆண்டில், வில்லியமின் மனைவி பிரஷ்ய மன்னரின் தங்கை என்பதால், பிரஷ்யப் படை உள்ளே வந்து இயக்கத்தை ஒடுக்கியது. குவிண்ட் பிரான்சுக்குத் தப்பிச் சென்று, 1795-இல் ஆட்சி மாறிய பிறகே திரும்பினார். கடைசியில் இன்றைய ஜகார்த்தாவாகிய பட்டாவியாவில் 1818-இல் இறந்தார். தஞ்சாவூர் வைத்தியர் ஒருவரின் வழியில் வந்தவர், ஐரோப்பாவின் மக்களாட்சி வரலாற்றில் இப்படி ஓர் இடத்தில் நிற்கிறார். எங்கள் பள்ளிப் பாடங்களில் பிரெஞ்சுப் புரட்சியைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

1796-இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் இந்தக் குடும்பம் கல்வியோடும் திருச்சபையோடும் ஒட்டியே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சைமன் ஒண்டாச்சி, அரசு நியமித்த தமிழ்க் குருவாகப் பணியாற்றினார். வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சி மருத்துவர், தாவரவியல் அறிஞர். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலும் இருந்தவர். மூலிகையால் நோய் தீர்த்த மூதாதைக்குத் தாவரவியல் வல்ல வழித்தோன்றல். இந்த ஒற்றுமையை நான் எதற்கும் சான்றாகக் காட்டவில்லை; ஆனால் எண்ணிப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் நான்கு நாள் தங்கினோம். ஜிந்துப்பிட்டியில் இருக்கும் புனித தோமையார் ஆலயத்துக்குப் போக வேண்டும் என்பது டொராண்டோவிலேயே எடுத்த முடிவு. அந்த ஆலயத் தரையில் மண்டியிட்டு, கல்லில் பெரிய எழுத்துகளில் தம் பெயர் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டதை எழுத்தாளர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முருகன் கோயில் மணியோசையும் வண்டிகளின் இரைச்சலும் கேட்கும் நெருக்கமான தமிழ்ப் பகுதி அது. அங்கு நிற்கையில், டச்சுப் பெயர் என்று உலகம் நினைக்கும் இந்தப் பெயர் பல தலைமுறைகளாகத் தமிழ்ப் பிரசங்கத்துக்கும் தமிழ்ச் செபத்துக்கும் நடுவேதான் இருந்திருக்கிறது என்பது மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது.

20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் உலகறிந்ததாக ஆனது இரண்டு சகோதரர்களால். மூத்தவர் கிறிஸ்தோபர், 1933-இல் கண்டியில் பிறந்தவர். கனடாவில் தொழில் நடத்திப் பொருளீட்டியவர். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் பனிச்சறுக்கு வண்டிக் குழுவில் இருந்தவர். இலண்டன் தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்தில் 2000-இல் திறக்கப்பட்ட புதிய பகுதிக்கும், ஓரிடத்தின் உயிர்ப்பைச் சிறப்பாகக் காட்டும் நூலுக்கு 2004 முதல் வழங்கப்படும் இலக்கியப் பரிசுக்கும் அவருடைய குடும்பப் பெயரே பெயர். இளையவர் மைக்கேல், 1943-இல் கொழும்பில் பிறந்து, 11 வயதில் இங்கிலாந்துக்கும் 1962-இல் கனடாவுக்கும் சென்றவர். 1992-இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய நாவல், 2018-இல் அப்பரிசின் ஐம்பது ஆண்டு நூல்களுள் சிறந்ததாகத் தேர்வு பெற்றது. இலங்கையில் கண்டறியப்பட்ட ஒரு சிற்றினச் சிலந்திக்கும் 2016-இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். இந்த இருவருக்கும் முதற்பெயர் பிலிப் என்பதைக் கவனித்தேன். 1758-இல் பிறந்த குவிண்டின் பெயரிலும் பிலிப் இருக்கிறது. மொழியும் நாடும் மாறிய பிறகும், மூத்தோர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் நம் வழக்கம் அந்த வீட்டில் மாறவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இன்று இந்தப் பெயர் இலங்கையில் மட்டுமல்லாமல் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்த பிறகு, ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்டிருந்த பறங்கியக் குடும்பங்கள் பெருமளவில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தன. ஏற்கெனவே எண்ணிக்கையில் சிறிதாக இருந்த பெயர் அதனால் இன்னும் சிதறியது. எங்கே இருந்தாலும் எழுத்துக்கூட்டல் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. ஐயர் என்பதையும் முருகேசன் என்பதையும் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதும் நமக்கு இது பாடமாகவே தெரியும்.

எழுத்துக்கூட்டல் மாறுவது நம்மிடம்தான். அந்த எழுத்தாளரைப் பற்றித் தமிழ் இதழ்களில் வந்தவற்றை இயன்ற வரையில் தேடிப் படித்தேன். ஒண்டாட்ஜே, ஒண்டாஜி, ஆண்டாட்ஜி, ஒந்தாச்சி என்று பலவாறாக எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எழுதியவர்கள் "ட்ஜே" என்கிறார்கள். காதால் கேட்டு எழுதியவர்கள் "ச்சி" என்கிறார்கள். டச்சு எழுத்தன், தனக்கு அந்நியமான ஒரு மொழியின் ஒலியை இரண்டு எழுத்துகளைச் சேர்த்தாவது காப்பாற்ற முயன்றான். அந்த ஒலிக்கென்றே எழுத்து வைத்திருக்கும் நாம் அவனுடைய எழுத்துக்கூட்டலைப் பார்த்து, தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே பிழையாக எழுதுகிறோம்.

பதிவேடு எழுதிய பழக்கத்தால் இதன் விளைவும் எனக்குத் தெரிகிறது. ஊர் நூலகத்தில் ஆசிரியர் பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால், இந்த ஒரே மனிதர் ஆகாரத்தில் ஒருவராகவும் ஒகரத்தில் மூவராகவும் நிற்பார். நிலப் பதிவேட்டில் இப்படி நேர்ந்தால் ஒருவருடைய வயல் இரண்டு பேருக்குச் சொந்தமாகிவிடும். பதிவை ஒன்றாக்க ஒரு தலைமுறை அலைய வேண்டும். இங்கே அலைய வேண்டிய அவசியம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களும் நூலகர்களும் இதழாசிரியர்களும் "ச்சி" என்று முடித்தால் போதும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கும் அவருடைய நூலின் அட்டைக்குறிப்பை நூலகரிடம் சொல்லித் திருத்தச் செய்துவிட்டேன். இப்போது அது "ஒண்டாச்சி, மைக்கேல்" என்று ஒகர வரிசையில் இருக்கிறது.